துன்பத்தில் தேவனை நம்புவது: ரங்கூன் தமிழ்ச் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரங்கூனில் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்து வருகிறேன். வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கும் போகிறேன். பாடம் நடக்கும்போது யாரும் கடினமான கேள்வி கேட்பதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்பார்கள். மின்சாரம் இல்லாத இரவில், கைப்பேசி வெளிச்சத்தில் ஆறு மாடி இறங்கும்போது கேட்பார்கள். சாவு வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகள் இவை. நான் போதகர் அல்ல. வேதத்தில் வாசித்ததையும் என் வீட்டில் நடந்ததையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

தேவனை நம்பினால் துன்பம் வராது என்றுதானே பொருள்?

அப்படி வேதத்தில் எங்கும் இல்லை. தானியேல் புத்தகத்தில் மூன்று வாலிபர்கள் அக்கினிச் சூளைக்கு முன்னால் நிற்கிறார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொல்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில், அவர் விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். அந்த "போனாலும்" என்ற சொல்லை நான் மாணவர்களைப் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்வேன்.

தமிழில் விசுவாசம் என்ற சொல்லுக்கு நம்புவது என்ற பொருள் மட்டும் இல்லை. எசமானை விட்டுப் போகாத நாயை விசுவாசமுள்ள நாய் என்கிறோம். பல ஆண்டுகள் ஒரே வீட்டில் உழைத்தவரை விசுவாசமான ஆள் என்கிறோம். விட்டுப் போகாமல் இருப்பது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "இது நடக்கும் என்று நம்புகிறேன்" என்பதைவிட "எது நடந்தாலும் உம்மை விட்டுப் போகமாட்டேன்" என்பதுதான் நம் சொல்லுக்கு நெருக்கமானது. அவரும் நம்மை விட்டுப் போவதில்லை என்பது அதன் மறுபாதி.

இது என் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தை என்னால் மறக்க முடிவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர், பத்து ஆண்டுகளுக்கு முன் மாமியாரிடம் பேசிய ஒரு கடுஞ்சொல்லை நினைவுபடுத்தி, "அதனாலா?" என்று கேட்டார்.

நாம் வாழும் நாட்டில் அக்கம்பக்கத்தார் முன்வினை என்று சொல்வார்கள். நம் பாட்டிமார் தலையெழுத்து என்றார்கள். சபைக்குள் அதையே "தேவன் சிட்சிக்கிறார்" என்று சொல்லிவிடுகிறோம். சொல் மாறினாலும், காயப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மாறவில்லை.

இயேசுவிடம் இதே கேள்வி இரண்டு முறை வந்தது. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, பெற்றோர் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்கிறார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை அவரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறகு கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்க வந்தவர்களைத் தங்கள் கணக்கைப் பார்க்க அனுப்பிவிட்டார்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நண்பகலில் சகாயிங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரமலான் மாதத்து வெள்ளித் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் கூடியிருந்தவர்கள் மேலும், மடத்தில் இருந்த பிக்குகள் மேலும் கட்டடங்கள் விழுந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒருவர், விக்கிரக ஊர்மேல் வந்த நியாயத்தீர்ப்பு என்று பேசத் தொடங்கினார். மூப்பர் ஒருவர் எழுந்து லூக்கா 13ஐ வாசித்துவிட்டு உட்கார்ந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று பெட்டியில் விழுந்த காணிக்கை முழுவதும் மாண்டலேக்குப் போனது.

பாவத்துக்கு விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்தால் ஈரல் கெடும். ஆனால் விளைவு வேறு, "தேவன் உன்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் உன் குழந்தையை எடுத்துக்கொண்டார்" என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

தேவனிடம் கோபப்படலாமா? அது பாவம் இல்லையா?

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பலாகத் தொடங்கி, இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரமாவது இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. அதை யாரும் நீக்கிவிடவில்லை. ஆராதனையில் பாடுவதற்கான புத்தகத்தில்தான் அது இருக்கிறது.

யோபு தேவனை வழக்குக்கு அழைக்கிறான். அவனுடைய நண்பர்கள் தேவனுக்கு வக்காலத்து வாங்கிப் பேசுகிறார்கள். முடிவில் தேவன் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களைத்தான். என்னைக் குறித்து யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

என் அத்தை ஒருவர் கணவர் இறந்தபின் இரண்டு ஆண்டுகள் ஆராதனையில் வாய் திறந்து பாடவில்லை. ஒவ்வொரு வாரமும் வருவார், மூன்றாவது பெஞ்சில் உட்காருவார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்திருப்பார். "அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய விசுவாச அறிக்கையை நான் கேட்டதில்லை.

உருக்கமாக ஜெபித்தோம். ஆனாலும் அவர் இறந்துபோனார். ஏன்?

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2021 ஜூலையில் ரங்கூனில் கொரோனா மூன்றாம் அலை வந்தது. பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்து, மருத்துவமனைகள் பாதி வெறுமையாகக் கிடந்த காலம். ஆக்சிஜன் உருளைகளை வைத்துக்கொண்டு மக்கள் விடியற்காலை முதல் வரிசையில் நின்றார்கள். என் அண்ணனுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றார்கள். இன்னொன்றில் வாசற்கதவே திறக்கவில்லை. அண்ணன் மகன் காலி உருளையோடு வரிசையில் இரண்டு நாள் நின்றான். சபையார் அவரவர் வீட்டிலிருந்து சங்கிலி ஜெபம் செய்தார்கள். இரவு முழுவதும் மணிக்கு ஒருவராக எழுந்து ஜெபித்தார்கள். மூன்றாம் நாள் விடியும் முன் அண்ணன் போய்விட்டார். உருளை அன்று காலை எட்டு மணிக்கு நிரம்பி வந்தது.

எட்டு மணிக்கு வந்தது ஐந்து மணிக்கு வந்திருக்கக்கூடாதா? இதை நான் தேவனிடம் இன்றுவரை கேட்கிறேன். "தேவனுடைய நேரம் சரியான நேரம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னவரின் கையை உதறிவிட்டேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். இந்த ஊர் மாடி வீடுகளில், பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பும், வீட்டு முனையில் ஒரு மணியும் இருக்கும். பத்திரிகைக்காரர் கிளிப்பில் செருகிவிட்டுக் கயிற்றை இழுப்பார். மணி அடித்ததும் மேலே இழுத்துக்கொள்வோம். அண்ணன் இறந்தபின் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். யாரும் படியேறி வர முடியாது. அடுப்பு மூட்ட ஆளில்லை. மறுநாள் காலை மணி அடித்தது. கயிற்றை இழுத்தேன், கனமாக இருந்தது. தூக்குவாளியில் கஞ்சி, வாழையிலையில் சுற்றிய இஞ்சித் துவையல். கீழே எட்டிப் பார்த்தபோது, முகக்கவசம் போட்ட ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நடந்து போனார். யாரென்று தெரியவில்லை. பதினொரு நாள் மணி அடித்தது. சில நாள் சபையார், சில நாள் எதிர்வீட்டுப் பர்மியக் குடும்பம், ஒரு நாள் கீழ்த்தெரு முஸ்லிம் கடைக்காரர்.

அண்ணனுக்காக ஏறெடுத்த ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று நான் சொல்லமாட்டேன். கஞ்சி அண்ணனுக்கு ஈடாகாது. ஆனால் "தேவன் எங்களைக் கைவிட்டார்" என்று எழுத நான் பேனாவை எடுத்த ஒவ்வொரு நாளும் அந்த மணி அடித்தது.

கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று ஜெபித்தார். அது நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் கிடைத்தது. முள் அங்கேயே இருந்தது. விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்று உங்களிடம் எவராவது சொன்னால், இந்த இருவரில் யாருக்கு விசுவாசம் குறைவு என்று அவரிடம் கேளுங்கள்.

தேவன் இருப்பதாகவே உணர முடியவில்லை. நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா?

இந்த நாட்டில் பர்மிய மொழி வேதாகமத்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுக்குக் கடன்பட்டவர்கள். 1813இல் ரங்கூனுக்கு வந்தார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819வரை காத்திருந்தார். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் போர் மூண்டபோது, அரசரின் தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு, இரவில் கால்களை மூங்கிலில் மாட்டி உயரத் தூக்கிவிடுவார்கள். மனைவி ஆன் கைக்குழந்தையோடு சிறைவாசலுக்குச் சோறு கொண்டு நடந்தார். மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் சேர்த்தார்.

இதுவரை எல்லாப் போதகர்களும் சொல்வார்கள். இதற்குப் பின் நடந்ததைத்தான் அதிகம் சொல்வதில்லை. விடுதலையான பிறகு, 1826 அக்டோபரில் ஆன் இறந்தார். ஜட்சன் அப்போது பக்கத்தில் இல்லை. ஆறு மாதத்தில் அந்தக் குழந்தையும் இறந்தது. ஜட்சன் மோல்மீனில் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியே போய்விட்டார். தனக்கென ஒரு குழி தோண்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். நான் தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்தக் குழியின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தவர்தான் 1834இல் பர்மிய வேதாகமத்தை முடித்தார். பல மாதங்கள் அவர் ஒன்றையும் உணரவில்லை. மெதுவாக மீண்டார். உணர்வு போய்விட்டது என்பதால் விசுவாசம் போய்விட்டது என்று அவரைப் பற்றி யாரும் சொல்வதில்லையே. உங்களைப் பற்றி நீங்களே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

தூக்கம் போய், சாப்பாடு போய், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கியவனை மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசமா?

இல்லை. பவுல் தன் துணையாளன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்று வலிக்குக் கைவைத்தியம் சொன்னார். ஜெபித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய ஒருவருக்குக் கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

காணிக்கை கூட்டிக் கொடுத்தால் கஷ்டம் தீருமா?

தீராது. தேவன் வட்டிக்கடை நடத்தவில்லை.

1987 செப்டம்பரில் அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தது. என் அப்பா அக்காவின் கல்யாணத்துக்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் 75 கியாட் நோட்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். அப்பா தவறாமல் தசமபாகம் கொடுத்தவர். டப்பாவைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டுகளை எங்களிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் கடை வைத்து விளையாடினோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப்பையில் இருந்த சில்லறையைக் காணிக்கைப் பையில் போட்டார். எதையும் எதிர்பார்த்து அல்ல. அக்காவின் கல்யாணம் இரண்டு ஆண்டு தள்ளி, கடனோடுதான் நடந்தது.

நாட்டை விட்டுப் போவது விசுவாசமின்மையா? இங்கேயே இருப்பதுதான் தேவசித்தமா?

2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எல்லா வீடுகளிலும் இதே பேச்சுதான். மகனைத் தாய்லாந்துக்கு அனுப்புவதா, மலேசியாவுக்கா, வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஜெபிப்பதா?

நம் முன்னோர் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டுகள் விழுந்தபின் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். என் பாட்டி புரோமிலிருந்து தவுங்கூப் மலைப்பாதை வழியாக நடந்தவர். வழியில் ஒரு மகனைப் புதைத்தார். போர் முடிந்ததும் திரும்பி வந்தார். 1964இல் கடைகள் அரசுடைமையானபோது, மூன்று லட்சம் பேர் அளவில் வெளியேறினார்கள். நகையும் பணமும் கொண்டுபோக முடியாமல் கப்பலேறினார்கள். என் தாத்தாவின் தம்பி சென்னை வியாசர்பாடிக்குப் போனார். தாத்தா இங்கேயே இருந்தார். இருவரும் உபவாசமிருந்து ஜெபித்துத்தான் முடிவெடுத்தார்கள். இருவரில் யார் தவறு செய்தார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை.

எரேமியா 29:11 நம் வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் அடிக்கடி இருக்கும் வசனம்: உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்லும் இடம். அதற்கு ஒரு வசனம் முன்னால், எழுபது ஆண்டு ஆகும் என்று எழுதியிருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் ஊர் திரும்பமாட்டார்கள். அவர்களுக்குச் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள். இதைத் தாத்தா ரங்கூனுக்கென்று வாசித்தார். சின்னத் தாத்தா வியாசர்பாடிக்கென்று வாசித்திருப்பார்.

போவதும் வேதத்தில் உண்டு. ஏரோது குழந்தைகளைக் கொல்லத் தேடியபோது, யோசேப்பு இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். ஆகவே மகனை அனுப்பிய தாயைக் குறை சொல்லாதீர்கள். அனுப்ப வழியில்லாத தாயிடம் சாட்சி சொல்லவும் போகாதீர்கள்.

துன்பப்படுகிறவர் வீட்டுக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும்?

குறைவாகச் சொல்லுங்கள். யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் சரியாகச் செய்தது. வாய் திறந்ததும் கெட்டது.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28ஐ, பாடை எடுக்கும் முன் சொல்லாதீர்கள். அது உண்மையான வசனம். பவுல் தன் பாடுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் எழுதியது. பிறருடைய பாடுகளின் மேல் ஒட்டுவதற்கு எழுதியதல்ல. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, சில நிமிடத்தில் அவனை எழுப்பப்போகிறார் என்று தெரிந்திருந்தும், முதலில் கண்ணீர் விட்டார்.

போகும்போது ஒரு பை கரியோ, மெழுகுவத்தியோ, சமைத்த சோறோ கொண்டு போங்கள். பாத்திரத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். மூன்றாம் மாதம் மறுபடியும் போங்கள். அப்போதுதான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்.

ஜெபிக்க வாயே வரவில்லை. என்ன செய்வது?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் கதறியது போதும். அதுவும் வரவில்லையென்றால் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். சொற்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டியதில்லை.

வாசிக்கவும் முடியாவிட்டால் சும்மா இருங்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான்கு பேர் அவனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனோடு பேசினார் என்று எழுதியிருக்கிறது. அவன் விசுவாசத்தை அல்ல, அவர்களுடையதை. நீங்கள் படுக்கையில் கிடக்கும் காலம் இது என்றால், கிடங்கள். நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம்.

மாடி ஏறி வர வேண்டாம் என்று நினைத்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கயிற்றை மட்டும் தொங்கவிட்டு வையுங்கள்.